மில்லுத் தவிடும் கடை மிச்சமும்: பன்றித் தீனியில் சட்டம் எங்கே நிற்கிறது?

பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்ததும் மில்லுகள் இரவு பகலாக ஓடும். தவிடு மலிகிற காலம் அதுதான். மட்டக்களப்பின் படுவான்கரையில் நாலைந்து பன்றி வைத்திருப்பவர்கூட ஆறு மாதத்துக்குத் தேவையான மூடைகளை அப்போதே வாங்கி அடுக்கி விடுவார். காசுக் கணக்கில் அது சரி. பன்றியின் ஈரல் கணக்கு வேறு.

முதலில் சட்டம். இலங்கையின் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீனிச் சட்டப்படி, தீனி தயாரித்து விற்பவரும் இறக்குமதி செய்பவரும் விநியோகிப்பவரும் பதிவு பெற வேண்டும். பதிவைப் பார்ப்பது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம். கடையில் மூடைத் தீனி வாங்கினால், பதிவு உள்ள தயாரிப்பா என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் மில்லு வாசலில் அள்ளி வந்து வீட்டில் கலக்கும் தவிட்டை யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. அங்கே பரிசோதகர் நீங்கள்தான்.

தவிட்டில் புரதம் 12 முதல் 14 சதவீதம் வரை உண்டு, எண்ணெயும் கூட. வில்லங்கம் அந்த எண்ணெயில்தான். நெல் குற்றிய உடனேயே அது கெடத் தொடங்குகிறது, சில நாளில் காறல் அடிக்கும். காறிய தவிட்டைப் பன்றி முகர்ந்துவிட்டு விலகும். பழைய குற்று மில்லுத் தவிட்டில் உமியும் கலந்து வரும். உமியில் இருப்பது சிலிக்காவும் நாரும். வயிறு நிரம்பும், உடம்பு பிடிக்காது. ஒரு பிடி தவிட்டைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உமி மேலே மிதக்கும்.

தவிடு மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால் பலம் இராது. தவிட்டில் கல்சியம் மிகக் குறைவு. பொஸ்பரஸ் நிறைய இருந்தாலும் பெரும்பங்கு பன்றியால் பிரித்தெடுக்க முடியாத வடிவில் கிடக்கிறது. நாகம் (சிங்க்) என்ற தாதுச் சத்தையும் அந்த வடிவே கட்டிப்போடுவதால் தோல் தடித்துச் செதிலாக உரிவதுண்டு. பலர் அதைச் சொறி என்று நினைத்து எண்ணெய் பூசுகிறார்கள். வளரும் பன்றியின் தீனியில் தவிடு மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மிச்சத்துக்குக் குறுணல், சோளன், தேங்காய்ப் புண்ணாக்கு, கொஞ்சம் மீன்தூள். புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய 20 சதவீதம் இருந்தாலும் அந்தப் புரதத்தில் லைசின் என்ற அவசியக் கூறு குறைவு. அந்தக் குறையை மீன்தூள் நிரப்பும். மரவள்ளித் தோலைப் பச்சையாகப் போடாதீர்கள், அதில் சயனைட் நஞ்சு உண்டு. நறுக்கி நன்றாகக் காயவைத்தால் குறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தோடு ஒட்டி வைத்த மூடை பூஞ்சணம் பிடிக்கும். புண்ணாக்கிலும் சோளனிலும் அது தரும் அஃப்லடொக்சின் ஈரலைத் தாக்கும், வளர்ச்சியைக் குறைக்கும். அவித்தாலும் இந்த நஞ்சு போகாது. மூடையைப் பலகைமேல், சுவருக்கு எட்டி அடுக்குங்கள். கட்டிபட்டதை யோசிக்காமல் எறியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது சாப்பாட்டுக் கடை மிச்சத்துக்குத்தான். 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியானது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கோ மருந்தில்லை. பன்றி இறைச்சித் துண்டு கலந்த மிச்சத்தில் அந்தக் கிருமி உயிரோடு வந்து சேரும். போடாமல் இருப்பதே மேல். போட்டே ஆகவேண்டுமென்றால், உலக விலங்குச் சுகாதார அமைப்பு சொல்வது 90 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணித்தியாலம், கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும் என்று. ஒரு கொதி வந்ததும் இறக்குவது காய்ச்சியதாகாது.

கடும் காய்ச்சல், காதிலும் வயிற்றிலும் சிவப்பு அல்லது நீலம், அடுத்தடுத்துச் சாவு என்று கண்டால், 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். அவர் வந்து பார்க்கும்வரை மிச்சப் பன்றியை விற்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். செத்ததைக் களப்பிலோ வாய்க்காலிலோ தள்ளிவிடாமல், எங்கே, எப்படிப் புதைப்பது என்று அவரிடமே கேளுங்கள்.