கவலை தீரவில்லை, இரண்டு நட்சத்திரம்

"இத்தனை பக்கம் படித்தும் கவலையை ஓட்ட ஒரு வழிகூடச் சொல்லவில்லை. பணம் தண்டம்." கிண்டிலில் என் நாவலுக்கு வந்த முதல் மதிப்புரை இதுதான். இரண்டு நட்சத்திரம்.

நாவலின் பெயர் 'கவலை ஓட்டிய காலம்'. கொங்குப் பக்கம் கவலை என்றால் என்னவென்று வயதான எந்தக் குடியானவரைக் கேட்டாலும் சொல்வார். காளைகள் இரண்டும் வாரியில், அதாவது கிணற்றை ஒட்டிய சரிவில், இறங்க இறங்க, வடக்கயிறு இழுபட்டு, கிணற்றிலிருந்து பறி என்ற பெரிய வாளி நிறையத் தண்ணீர் மேலேறி வரும். மோட்டார் வருவதற்கு முன் எங்கள் தோட்டத்து வெள்ளாமை அதை நம்பித்தான் நடந்தது. என் அப்பாரு, அப்பாவின் அப்பா, விடியக்காலமே எழுந்து கவலை ஓட்டியவர். அந்தச் சொல் மற்ற ஊர்க்காரர்களுக்கு மனக்கவலையாக மட்டுமே கேட்கும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனைக்கும் ஈரோட்டில் 15 வருடமாக அடுத்தவர் புத்தகங்களைத் திருத்தி, பின்னட்டை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மதிப்புரைக்குக் கீழே பதில் எழுதும் வசதியை அமேசான் 2020-லேயே எடுத்துவிட்டதால் தப்பித்தேன். ஆனாலும் அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டு நாலு பேரைச் சிரிக்கவைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. எனக்குத் தெரிந்த எழுத்தாளர் ஒருவர் அப்படித்தான் செய்தார். நண்பர்கள் கூடி அந்த வாசகரைக் கிழித்தார்கள். அப்புறம் அந்த எழுத்தாளரின் புத்தகத்தைப் பற்றிப் பேசவே ஆட்கள் யோசித்தார்கள். என் மச்சான் வேறு யோசனை சொன்னார்: "சொந்தக்காரங்க பத்துப் பேரை வெச்சு அஞ்சு நட்சத்திரம் போட்டுடலாங்க மாப்ளே." குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் மதிப்புரை எழுத அமேசான் விதியில் இடமில்லை. விதி இல்லாவிட்டாலும் அது அசிங்கம்தான்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. ஒரு பெரியவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். அட்டையில் மாலை வெயில், வரப்பில் தனியாகத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஆள். திருப்பினார். பின்னட்டையின் முதல் வரி, 'கவலை இல்லாத வீடு உண்டா?' எழுதியபோது கவித்துவமாக இருந்தது!

"ஏனுங்க, இது மனசுக்குத் தைரியம் சொல்ற புத்தகமுங்களா?"

"இல்லீங்க, கெணத்துல தண்ணி எறைக்கற கவலைங்க."

"அட, எங்க அப்பிச்சி ஓட்டுனதுங்களா!"

வாங்கிக்கொண்டார். நான்தான் அட்டையைப் பார்த்தபடி நின்றேன். உள்ளூர்க்காரரே ஏமாறும்போது அந்தக் கிண்டில் வாசகரை எப்படிக் குறை சொல்வது? அவர் வாங்கிய பொருளும் நான் விற்ற பொருளும் வேறு. அட்டையும் பின்னட்டையும் நான் ஒப்புக்கொண்டவை.

இப்போது என்னிடம் வருகிறவர்களிடம் ஒன்று செய்யச் சொல்கிறேன். அச்சுக்குப் போகும் முன் அட்டையை மட்டும், கதை தெரியாத, முடிந்தால் வேறு மாவட்டத்து ஆள் ஒருவரிடம் காட்டி, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. மதிப்புரை வந்துவிட்டதா? புத்தகத்தில் இல்லாததைப் பற்றி வாசகர் வருந்தினால் கோளாறு பெரும்பாலும் அட்டையில். இருப்பதைப் பற்றிக் குறை சொன்னால் எழுத்தில். முதல் வகையைக் கிண்டிலில் அன்றே சரிசெய்யத் தொடங்கலாம். அறிமுகக் குறிப்பையும், புத்தகம் எந்தப் பிரிவில் வரும் என்று மூன்று வரை தேர்ந்தெடுக்கிற வகைகளையும் வெளியிட்ட பிறகும் மாற்ற முடியும். அச்சடித்த பிரதிகளுக்கு அந்த வசதி கிடையாது. மீதியிருந்த 140 பிரதிகளிலும் 'கொங்கு வட்டார நாவல்' என்று நானே உட்கார்ந்து ஒட்டினேன்.

புது அட்டையில் காளைகள், வாரி, கிணறு எல்லாம் வந்துவிட்டன. அந்த இரண்டு நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. போன வாரம் இன்னொன்று வந்தது: 'மாடுகளுக்கு இருக்கும் உயிர் மருமகளுக்கு இல்லை.' மூன்று நட்சத்திரம். நாலு நாளாக மருமகள் வரும் அத்தியாயங்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.