களையைப் பிடுங்கும் முன் புழுவைத் தேடுங்கள்

அந்நியக் களைகளை அகற்றும் இடங்களில், வேலை தொடங்கும் முன் பூச்சிக் கணக்கெடுப்பு செய்துகொடுப்பது என் தொழில். கூட வரும் இளைஞர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: “வெளிநாட்டுச் செடிதானே சார், வெட்டித் தள்ளிட்டுப் போகலாமே?” அப்போது அமெரிக்காவின் இரண்டு பருந்து அந்துப்பூச்சிகளைப் பற்றிச் சொல்வேன்.

ஹவாயின் பிளாக்பர்ன் அந்துப்பூச்சி இறக்கை விரித்தால் 12 செ.மீ. வரை வரும். சாம்பல் உடம்பின் இரு பக்கமும் ஆரஞ்சுப் புள்ளிகள். 1970களில் இது அழிந்தேவிட்டது என்று நினைத்தார்கள். 1984இல் மாவி தீவில் மறுபடி தென்பட்டது. அமெரிக்காவின் அழியும் இனங்கள் சட்டத்தின் கீழ், அழியும் நிலையிலுள்ள இனமாக 2000இல் அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் ஹவாய்ப் பூச்சி இதுதான்.

இதன் புழுவுக்கு ஆதி உணவு ‘அயேயா’ என்ற கத்தரிக் குடும்பத்து மரம். ஆடுமாடு மேய்ந்தும் தீப்பிடித்தும் அந்த மரம் அருகிப்போனது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த மரப் புகையிலை, தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை, அங்கே மண்டிக்கிடக்கிறது. புழு அதைத் தின்று பிழைத்துக்கொண்டது. அதனால் மூன்றடிக்கு மேல் வளர்ந்த மரப் புகையிலையைத் தேடிப் பார்க்காமல் வெட்டக் கூடாது என்கிறார்கள். செடியடி மண்ணையும் கிளறக் கூடாது. கூட்டுப்புழு ஓராண்டு வரைகூட உள்ளே கிடக்கும். பயிர்ப்பூச்சியை ஒழிக்கக் கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் இதற்கு எதிரியாகிவிட்டன என்பது தனிச் சோகம்.

கலிஃபோர்னியாவின் கெர்ன் பிரிம்ரோஸ் பூச்சி உருவத்தில் சிறியது, பகலில் பறப்பது. இதுவும் அழிந்ததாகக் கருதப்பட்டு, 1974இல் வாக்கர் பேசின் என்ற பள்ளத்தாக்கில் திரும்பக் கிடைத்ததுதான். 1980இல் அறிவிக்கப்பட்டது, ஆனால் ஒரு படி கீழே, அழியும் நிலையை எட்டக்கூடிய இனமாக. பின்னால் காரிசோ சமவெளியிலும் இருப்பது தெரிந்தது. இதன் புழு தின்பது தரையோடு படரும் ஒரு பிரிம்ரோஸ் செடியை. வாக்கர் பேசினில் பெண் பூச்சிகள் ‘ஃபிலாரி’ என்ற அந்நியக் களையின் மீதும் முட்டையிட்டதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்களுக்கு அது ஆகாது, பட்டினியில் செத்துப்போகும்.

ஹவாயில் களைதான் சோறு போடுகிறது, கலிஃபோர்னியாவில் களையே பொறி. செடி அந்நியமா என்று மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடவே பிடிபடாது. பட்டியலில் எந்தப் படி என்பதும் களத்தில் பெரிதாக உதவாது.

சரி, எதைப் பார்ப்பது? பருந்து அந்துப்பூச்சியின் புழுவுக்கு வால்பக்கம் ஒரு கொம்பு இருக்கும். ஆனாலும் இலைப் பச்சையோடு ஒன்றிப்போவதால் எளிதில் கண்ணில் படாது. முதலில் செடிக்கு அடியில் பாருங்கள். மிளகுபோல் கெட்டியான, வரிவரியான எச்சம் புதிதாகக் கிடந்தால், மேலே புழு தின்றுகொண்டிருக்கிறது. முட்டை மட்டும் இருந்தால் ‘உணவுச் செடி’ என்று எழுதிவிடாதீர்கள். கிளையில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, சில நாள் கழித்து வந்து இலை கடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை அரிவாள் பையிலேயே இருக்கட்டும்.