லோ சுகர்: எழுந்து உட்கார்ந்த பிறகும் ஏன் அட்மிஷன்?

சங்கரன்கோவில் ஆடித் தபசுக்கு மறுநாள், விடியற்காலை நான்கு மணி. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வீட்டில் ஆச்சி கட்டிலில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். தொட்டால் உடம்பு சில்லென்றிருந்தது. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. என் அம்மாவை, இறந்துபோன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "களத்தில் நெல் காய்கிறது, மழை வருகிறது, அள்ளு" என்றார். பக்கவாதம் என்றார் பக்கத்து வீட்டு அத்தை. விரதம் இருந்த களைப்பு, தூங்கட்டும் என்றார் மாமா. விரலில் குத்திப் பார்த்தபோது கருவி 38 காட்டியது.

சீனித் தண்ணீர் கொடுத்துக் கால் மணி நேரத்தில் ஆச்சி எல்லாரையும் அடையாளம் கண்டுகொண்டார். "எனக்கு ஒன்றும் இல்லை, காப்பி போடு" என்றார். அப்படியும் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனோம். மருத்துவர் பார்த்துவிட்டு இரண்டு நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்றார். அது எங்களுக்கு மிகையாகத்தான் பட்டது. அன்று காலை பதினொரு மணிக்கு, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, ஆச்சியின் அளவு மறுபடி 52-க்கு இறங்கியது.

ஏன் இறங்கியது என்பதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு கணக்கு. வளர்ந்த மனிதர் ஒருவரின் ரத்தம் முழுவதிலும் ஓடும் குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம். ஒரு தேக்கரண்டி சீனி. மூளையோ ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் கேட்கிறது. அதற்கென்று தனிச் சேமிப்பு கிடையாது என்றே சொல்லலாம். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு. 54-க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறும். ஆச்சி பேசியது அந்தத் தடுமாற்றம்தான்.

சாப்பிடாத நேரத்தில் மூளைக்குப் படியளப்பது கல்லீரல். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தானியம் போட்டு வைக்கும் குலுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே கொட்டி நிரப்புவார்கள். அடியில் இருக்கும் துளையைத் திறந்து வேண்டியதை எடுப்பார்கள். சாப்பிட்டதும் கல்லீரல் சுமார் 100 கிராம் குளுக்கோஸைக் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு வடிவத்தில் நிரப்பிக்கொள்கிறது. அடித்துளையை அடைத்து வைப்பது இன்சுலின். வயிறு காய்ந்தால் இன்சுலின் குறையும், அதற்கு எதிர்வேலை செய்யும் குளுக்ககான் என்ற ஹார்மோன் கூடும், துளை திறக்கும். குலுக்கை காலியானாலும் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்து அனுப்பும். நோயில்லாத ஒருவர் நாள் முழுக்க விரதம் இருந்தும் நிதானமாக நடமாடுவது இதனால்தான்.

ஆச்சி தபசன்று காலை சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டார். விரதம் என்பதால் சோறுதான் இல்லை. அது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு எல்லாம் ஒரே குடும்பம். கணையத்தின் பீட்டா செல் சாதாரணமாகக் குளுக்கோஸ் உள்ளே வந்த பிறகுதான் இன்சுலினை வெளியே விடும். குளுக்கோஸ் எரிந்து சக்தியானதும் செல்லின் சுவரில் உள்ள பொட்டாசியம் வாசல் மூடும், கால்சியம் உள்ளே பாயும், இன்சுலின் வெளியேறும். இந்த மாத்திரை குளுக்கோஸுக்காகக் காத்திருப்பதில்லை. தானே போய் அந்த வாசலை மூடிவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தாலும் இன்சுலின் வந்துகொண்டே இருக்கும். குலுக்கையின் துளையும் அடைபட்டே கிடக்கும்.

இந்த வகை மருந்தின் வரலாறே எதிர்பாராத லோ சுகரில்தான் தொடங்கியது. 1942-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்ற மருத்துவர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்தார். காய்ச்சலுக்காகக் கொடுத்த மருந்து அவர்களின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கியது. அதே ஊரில் ஓகுஸ்த் லூபத்தியேர் அதை ஆராய்ந்து, மருந்து கணையத்தைத் தூண்டுகிறது என்று காட்டினார். அங்கிருந்து பிறந்தவையே இந்த மாத்திரைகள். லட்சக்கணக்கானோருக்கு மலிவாக, நன்றாக வேலை செய்பவை. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இப்போது பதினொரு மணிக்கு வருவோம். ஆச்சி போட்டது கிளிபென்கிளமைடு. அதன் வேலை 24 மணி நேரம் வரை நீளும். அது சிதைந்து உண்டாகும் பொருள்களுக்கும் சர்க்கரையை இறக்கும் திறன் உண்டு; அவை வெளியேறச் சிறுநீரகம் வேண்டும். இன்சுலினில் ஒரு பங்கை அழிப்பதும் சிறுநீரகமே. ஆச்சிக்கு வயது 74. பரிசோதித்தபோது, சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் கூடியிருந்தது. அதாவது மாத்திரை உடம்பை விட்டுப் போகவே இல்லை. அந்த நிலையில் சீனி கொடுத்தால், ஏற்கெனவே தூண்டப்பட்ட பீட்டா செல்லுக்குக் குளுக்கோஸும் சேர்ந்து தூண்டுதல் ஆகிறது. இன்சுலின் இன்னும் பொங்குகிறது. ஏறிய சர்க்கரை மறுபடி சரிகிறது. எழுந்து உட்கார்ந்தவரை வீட்டுக்கு அனுப்பினால் இந்த இரண்டாவது சரிவு தூக்கத்தில் நேரலாம். அதனால்தான் படுக்கை, மணிக்கு மணி விரலில் குத்தல், தேவைப்பட்டால் இன்சுலின் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசி. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிளிபென்கிளமைடு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே சொல்கிறது.

நனைந்த ரவிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை இறங்கும்போது அட்ரினலின் பாய்ந்து கைநடுக்கம், படபடப்பு, பசி, வியர்வை வரும். பல ஆண்டு நோயாளிகளுக்கும், அடிக்கடி லோ சுகர் வந்தவர்களுக்கும் இந்த எச்சரிக்கை மங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் மறையும். வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசும் சர்க்கரை நோயாளியிடம் முதலில் விரலைக் கேளுங்கள்.

விழிப்போடு இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குறைவாகவே இருந்தால் மீண்டும் அதே அளவு. தெளிந்ததும் இட்லியோ சோறோ கொடுக்கலாம். வீட்டில் அல்வா இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். நெய் வயிற்றிலிருந்து இறங்குவதைத் தாமதமாக்கும். வோக்லிபோஸ், அகார்போஸ் கலந்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சீனியும் கருப்பட்டியும்கூட விரைவாக உதவாது. அவை குடலில் உடைந்தால்தான் குளுக்கோஸ் ஆகும்; அந்த உடைப்பைத் தடுப்பதே இந்த மருந்துகளின் வேலை. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் இருக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறும்; ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் கணக்கு முடியட்டும் என்று மதியச் சோற்றைத் தள்ளிப் போடுகிறார்கள். மேலப்பாளையத்தில் ரமலான் நோன்பு, நவதிருப்பதியைச் சுற்றி வைகுண்ட ஏகாதசி, பாளையங்கோட்டையில் தவக்காலம். இவற்றோடு காய்ச்சல், வாந்தி வந்து கஞ்சிகூட இறங்காத நாள்களும் உண்டு. அந்த நாள்களில் எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆச்சிக்கு மூன்றாம் நாள் அப்படி எழுதித் தந்தார்கள். மாத்திரையையும் மாற்றினார்கள். அன்று விடியற்காலை நான்கு மணிக்குப் பார்த்த அளவு 134.