கலைப்பு மாத்திரை: நாள் கணக்கில்தான் ஆபத்து

2015-இல் இந்தியாவில் சுமார் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் நான்கில் மூன்று, மருத்துவமனை வாசலை மிதிக்காமல் மாத்திரையால் நடந்தவை. அரசுப் பதிவேட்டில் இவை ஏறுவதில்லை. மும்பையின் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இரண்டு பிள்ளை பெற்றவருக்கும் இது தேவைப்படுகிறது, மணமாகாதவருக்கும்தான்.

மெடிக்கலில் கேட்கும் ‘கிட்’டில் 200 மில்லிகிராம் மிஃபெப்ரிஸ்டோன் ஒன்று, 200 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டால் நான்கு. முதல் மாத்திரை கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுக்கும். மற்ற நான்கும் 24 முதல் 48 மணி நேரம் கழித்து; அவை கருப்பையைச் சுருங்கச் செய்யும். டாக்டர் சொன்னபடி ஒன்பது வாரத்துக்குள், அதாவது 63 நாளுக்குள் எடுத்தால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுதாகக் கலைந்துவிடும். ஐந்தையும் ஒரே வேளையில் விழுங்கினால் அரைகுறையாக நின்றுபோகும் வாய்ப்பு கூடும்.

அந்த 63 நாளை எங்கிருந்து எண்ணுவது? கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து. ‘தள்ளிப்போய் ஒன்றரை மாசம்தான் ஆச்சு’ என்பவருக்கு, 28 நாள் சுற்று என்றால், 28-உம் 45-உம் சேர்த்து 73 நாள். கெடு தாண்டிவிட்டது. கடைக்காரர் இதைக் கேட்பதில்லை. மராத்தியிலோ இந்தியிலோ சொல்லத் தடுமாறுபவர்கள் அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.

மாத்திரைக்கு முன் எடுக்கும் ஸ்கேனைத் தவிர்க்கச் சொல்லவே மாட்டோம். நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்கள் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கும். மாத்திரை அதைக் கலைக்காது. ஆனாலும் உதிரம் வரும். கலைந்துவிட்டது என்று நம்பி இருக்கையில் குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் இரத்தம் கொட்டும். தோள்பட்டை வலியும் மயக்கமும் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். இரண்டு தடித்த நாப்கின்கள் ஒரு மணி நேரத்தில் நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே என்றாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மற்றவர் தாங்கும் இழப்பு அவர்களைச் சாய்த்துவிடும்.

டாக்டரிடம் போகப் பயந்து கடைக்குப் போகத் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பின், சட்டம் சொல்லும் காரணங்களுக்காக 20 வாரம்வரை ஒரே டாக்டரின் ஒப்புதலோடு கலைக்க அனுமதிக்கிறது. 18 நிரம்பிய பெண்ணுக்குத் தன் கையெழுத்தே போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. பெயரை வெளியிட்டால் தண்டனை உண்டு. மணமாகாதவரை ஒதுக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மாத்திரை எடுத்து இரண்டு வாரம் கழித்து டாக்டரிடம் மறுபடி காட்ட வேண்டும். சிறுநீர்ச் சோதனை நான்கு வாரம்வரைகூடப் பாசிட்டிவ் காட்டலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கலைத்த எட்டாம் நாளிலேயே கருமுட்டை வெளிவரலாம். அடுத்த தீட்டு வரட்டும் என்று இருப்பவர்கள் மீண்டும் கருத்தரிப்பது இதனால்தான். கருத்தடை மாத்திரையை மிசோப்ரோஸ்டால் எடுக்கும் நாளிலேயே தொடங்கலாம், காப்பர்-டி என்றால் முழுதாகக் கலைந்தது உறுதியான பிறகு.