அணு உலைக்குப் பூட்டுப் போட்டால் வேலை முடிந்ததா?

சம்பூர் அனல்மின் நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு திருகோணமலையில் எந்த மின் திட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும், "அடுத்தது அணு உலையோ?" என்று ஒருவராவது கேட்கிறார். மூடிய உலைகளைக் கலைக்கும் இடங்களில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை பார்ப்பவன் என்பதால், ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி என்னிடமும் வரும். வெடிக்குமா, கடல் கெடுமா என்று கேட்பார்கள். ஆயுள் முடிந்த பிறகு அதை யார் கழற்றுவது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை.

உலையை நிறுத்தியதும் எரிபொருளை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் சில வருடங்கள் ஆறவிடுவார்கள். பிறகு கனமான கலன்களில் அடைப்பார்கள். எரிபொருள் போனால் நிலையத்தின் கதிரியக்கத்தில் 99 சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

சிக்கல் மிச்சத்தில்தான். உலைக்கலனுக்குள் இருக்கும் உருக்குப் பாகங்கள் வருடக்கணக்காக நியூத்திரன் பட்டுப் பட்டு, தாமே கதிரியக்கம் உடையவையாக மாறியிருக்கும். அவற்றைத் தண்ணீருக்கு அடியில் வைத்தே அறுப்போம். அங்கே கதிர்வீச்சைத் தடுக்கும் சுவர் தண்ணீர்தான். மேலே பாலத்தில் நின்று, நீண்ட கம்பிக் கருவியைப் பிடித்துக்கொண்டு, கமராத் திரையைப் பார்த்து வேலை செய்ய வேண்டும். அறுக்க அறுக்கத் துகள் கலங்கித் திரையில் ஒன்றுமே தெரியாது. வடிகட்டி தெளியவைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். துகளெல்லாம் சேர்ந்த அந்த வடிகட்டிக்குப் பக்கத்தில்தான் அப்புறம் யாரும் போக விரும்ப மாட்டார்கள்!

இடிபடுவதில் பெரும்பங்கு சாதாரணக் கொங்கிரீட். ஆனாலும் அளக்காமல் எதுவும் கேற்றைத் தாண்டாது. வட்டக் காகிதத்தால் மேற்பரப்பைத் துடைத்து, அதைக் கதிர்வீச்சை எண்ணும் கருவியில் வைத்து, வரும் இலக்கத்தைக் குறித்துக்கொள்வோம். பிறகு அடுத்த துண்டு. சலிப்பான வேலைதான். கதிரியக்க இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தடுப்பது இந்தச் சலிப்புத்தான்.

சரி, உடனே பிரிக்காமல் ஆறப்போட்டால் என்ன? அந்த உருக்கில் உண்டாகும் கோபால்ற்று-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 5.27 வருடம். 50 வருடம் விட்டால் ஏறத்தாழ 700இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பிரித்தானியா மக்னொக்ஸ் என்ற தன் பழைய வகை அணு உலைகள் பலவற்றுக்கு இப்படி நீண்ட காலம் காத்திருக்கும் வழியைத்தான் எடுத்தது. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடில்லை. வரைபடத்தில் இல்லாத குழாய் எங்கே ஓடுகிறது என்பது அங்கே வேலை செய்தவருக்குத்தான் தெரியும். அவர் 50 வருடம் இருப்பாரா? சீனன்குடாவில் வெள்ளைக்காரர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காடு மண்டிக் கிடந்ததைப் பார்த்த எங்கள் ஊராருக்கு, 'பிறகு பார்ப்போம்' எப்படி முடியும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் மேய்ன் யாங்கி நிலையத்தை 1997இல் மூடி 2005இல் கலைத்து முடித்தார்கள். நல்ல வேலை. ஆனால் நிரந்தரக் கிடங்கு நாட்டில் இல்லாததால், எரிபொருள் கலன்கள் இன்னும் காவலோடு அதே இடத்தில் நிற்கின்றன.

பணத்துக்கு, இந்தியாவில் அணுமின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டிலும் 2 பைசா கலைப்புச் செலவுக்கென வசூலிக்கிறார்கள். இங்கேயும் ஒருநாள் உலைத் திட்டம் வந்தால், அந்தப் பணம் நிலையத்தை நடத்துபவரின் கை படாத தனிக்கணக்கில் இருக்குமா, எரித்த எரிபொருள் எந்த ஊருக்குப் போகும் என்று அடிக்கல் நாட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.