சாயம் போட்டு வாங்கிய 'இயற்கை' நிறம்

எங்கள் சாய லேபுக்கு ஷேட் பொருத்த, அதாவது காட்டிய நிறத்தையே சாயத்தில் கொண்டுவர, வந்த துணித்துண்டுகளில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. கோரா நிறத்தில் இருந்தது. அதாவது பிளீச்சும் சாயமும் படாத பஞ்சுக்கு இயல்பாக இருக்கும் அந்த மங்கலான வெண்பழுப்பு. "இதே ஷேட் வேண்டும்" என்று பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனி, தரப்பில் எழுதியிருந்தார்கள். கோரா துணியையே அலசிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் கோராவின் நிறம் லாட்டுக்கு லாட் மாறும். அவர்களுக்கோ ஆயிரக்கணக்கான உருப்படிகளும் ஒரே நிறத்தில் வர வேண்டும். அதனால் துணியைக் காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டுக் கொதிக்கவிட்டு முழு வெள்ளையாக்கி, அந்த வெள்ளையின் மேல் கோரா மாதிரித் தெரிகிற சாயத்தை ஏற்றினோம். கடைசியில் பேக்கிங்கில் பார்த்தேன். பழுப்பு அட்டை, சணல் கயிறு, ஓரத்தில் ஒரு பச்சை இலை.

நான் திருப்பூரில் பதினாறு வருசமாகச் சாய லேபில் வேலை பார்க்கிறேன். சொந்தக்காரர் வீட்டுப் பெண்கள், கோவையில் புதிதாக பொட்டிக் திறக்கும் பிள்ளைகள், குழந்தைக்குத் துணி எடுக்கும் அம்மாக்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஏனுங்கக்கா, இது ஈகோ ஃப்ரெண்ட்லி தானுங்களே?" நான் திருப்பிக் கேட்பது: "இதைச் சாயம் போட்ட தண்ணி எங்க போச்சு கண்ணு?"

ஏன் தண்ணீரில் ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன் மேல் நெகட்டிவ் மின்னூட்டம் ஏறும். நாங்கள் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே நெகட்டிவ்தான். இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கி, சாயத்தை நூலின் பக்கம் கொண்டுபோகத்தான் உப்பு போடுகிறோம். கறுப்பு, நேவி, அடர் சிவப்பு என்றால் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ உப்பு சர்வசாதாரணம். அந்த உப்பு துணியில் தங்குவதே இல்லை, முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சாயத்திலும் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு துணியில் ஒட்டாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். கண்ணுக்கு உறுத்துவது நிறம். ஆனால் நிலத்தைக் கெடுத்தது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புதான்.

இதை நொய்யல் கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு அது. பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் அணை கட்டினார்கள். சில வருசங்களிலேயே அது சாயத்தண்ணீர் தேங்கும் இடமாகிவிட்டது. தண்ணீர் திறந்தால் பயிர் கருகும் என்று விவசாயிகளே அணையைத் திறக்க வேண்டாம் என்ற நிலைமை. கிணறுகள் உப்பாகின. கடைசியில் 2011 ஜனவரியில், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத நிலை வரும்வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. அந்த மாதங்களில் ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

அதற்கப்புறம் நடந்ததையும் நான் சொல்லியாக வேண்டும். இன்று ஒழுங்காக நடக்கும் பட்டறைகளின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், நுண்ணுயிர்த் தொட்டியையும் ஆர்ஓ சவ்வையும் தாண்டி, பெரும்பகுதி திரும்பவும் சாயத் தொட்டிக்கே வருகிறது. மிஞ்சும் உப்புநீரை எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைப் பிரிக்கிறார்கள். இதை இவ்வளவு பெரிய அளவில் செய்துகாட்டிய ஊர் என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. ஆனால் இதற்குச் செலவு இருக்கிறது. காய்ச்ச விறகோ கரியோ வேண்டும், மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. இந்தச் செலவைச் செய்யாமல் இரவோடு இரவாக ஓடையில் திறந்துவிடுபவனின் துணி எப்போதும் விலை குறைவாகத்தான் இருக்கும். கடை ரேக்கில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், இரண்டிலும் பச்சை இலை இருக்கும்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். "100% ஆர்கானிக் காட்டன்" என்று மட்டும் போட்டிருந்தால், அது விளைநிலத்தில் பஞ்சு எப்படி விளைந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பஞ்சு பிறகு எந்தத் தொட்டியில் முங்கியது என்பதற்கு அதில் பதில் கிடையாது. ஜிஓடிஎஸ் (GOTS) என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தரச்சான்றின் முத்திரை சாயம், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை வரை பார்க்கிறது. அதில் 'ஆர்கானிக்' என்று போட 95 சதவீதம் இயற்கை விவசாய இழை இருக்க வேண்டும். குறைந்தது 70 சதவீதம் இருந்தால் 'ஆர்கானிக் இழையால் ஆனது' என்று போடலாம். முக்கியமான விசயம், அந்த முத்திரைக்குக் கீழே சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருக்க வேண்டும். வெறும் முத்திரைப் படம் மட்டும் இருந்தால் நம்பாதீர்கள். எண்ணை ஜிஓடிஎஸ் இணையதளத்தில் போட்டால் யார், எந்த ஊர் என்று வந்துவிடும். ஒரு நிமிச வேலை. ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற சான்று வேறு வகை. முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான பொருள் இருக்கிறதா என்று சோதிப்பது அது. இயற்கை விவசாயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் துணிக்கு அதில் மிகக் கடுமையான முதல் வகுப்பு இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு எடுப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம்.

அசோ என்ற வகைச் சாயங்களில் சில உடைந்து, புற்றுநோய் உண்டாக்கும் அமீன் என்ற வேதிப்பொருள்களைத் தரும் என்று தெரிந்து, 1997-லேயே நம் நாட்டில் எழுபது அசோ சாயங்களைத் தடை செய்துவிட்டார்கள். இதை வீட்டில் சோதிக்க வழியில்லை, லேபில்தான் முடியும். சாயம் ஒட்டுகிறதா என்று ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்க்கலாம், அது நல்ல பழக்கம்தான். ஆனால் சாயம் போவதால் துணி விஷம் என்றோ, போகாததால் சுத்தம் என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். தேய்மானம் வேறு, நச்சு வேறு.

மூங்கில் துணி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மூங்கில் பனியன், மூங்கில் பெட்ஷீட், மூங்கில் நாப்கின். பெயரைக் கேட்டதும் பச்சைத் தோப்பு கண்ணில் தெரியும். சந்தையில் இருக்கும் மெத்துமெத்தென்ற மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டை சல்பைடிலும் கரைத்து, மறுபடி இழையாக இழுப்பது. கார்பன் டை சல்பைடின் ஆவி அங்கே வேலை செய்பவர்களின் நரம்பைப் பாதிக்கும். இப்படிப்பட்ட ரேயானை 'மூங்கில்' என்று விற்றதற்காக அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009-லேயே நடவடிக்கை எடுத்தது. துணி மென்மையாக இருப்பதில் சந்தேகமில்லை, பிடித்தால் வாங்குங்கள். சுற்றுச்சூழலுக்காக என்று கூடுதல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

இயற்கைச் சாயம் என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது, எதை வைத்துச் சாயத்தைப் பிடிக்க வைத்தீர்கள் என்று. மஞ்சிட்டி வேர், மாதுளைத் தோல் மாதிரியானவை தானாக நூலில் உறுதியாக நிற்காது. கடுக்காயும் படிகாரமும் போட்டால் பரவாயில்லை. குரோமியம் உப்பு என்றால் இயற்கை என்ற பேச்சே கெட்டது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் சந்தோசம். ஆனால் மஞ்சள் சாயம் வெயிலைத் தாங்காது, எவ்வளவு நல்ல மஞ்சளாக இருந்தாலும் வெளுக்கும். இரண்டு வருசம் வெயிலில் காய்ந்தும் பளிச்சென்று நிற்கும் 'மஞ்சளில் தோய்த்த' குர்தியைக் காட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அவுரி நீலம் அப்படி இல்லை, அது நிற்கும், அழகாகப் பழசாகும்.

அழகுப் பொருள்களில் எனக்கு இருப்பது வேதியியல் அறிவும் வீட்டு அனுபவமும்தான், நான் தோல் மருத்துவர் இல்லை. எங்கள் பக்கத்தில் எண்ணெய் தேய்த்தால் தலைக்கு அரப்பு. அரப்பு இலையைக் காயவைத்துப் பொடித்தது, வேறெதுவும் வேண்டாம். வடிகிற தண்ணீர் வாழைக்குப் போகும். இப்போது அதே அரப்பு அழகான கண்ணாடிக் குப்பியில் வருகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை, சந்தோசம்தான். பொடியைத் தண்ணீரில் கலக்கும்போது பளீரென்ற பச்சை மேலே மிதந்தால் மட்டும் யோசியுங்கள். காய்ந்த இலை மங்கலான பச்சையில்தான் இருக்கும். அதேபோல, பத்து நிமிசத்தில் கறுப்பாகப் பிடிக்கும் மருதாணியைக் குழந்தை கையில் வைக்காதீர்கள். மருதாணி இலை தருவது செம்பழுப்பு. கறுப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் தலைச்சாயத்தில் போடும் பிபிடி கலந்திருக்கும், கொப்புளம் வந்து தழும்பாக நின்றுவிடும். இயற்கைப் பொருளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முழங்கை உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வீட்டுக்கு என்று வந்தால் நமக்குத் தேடி அலைய வேண்டியதே இல்லை. பவானி ஜமக்காளம் இருக்கிறது, சென்னிமலைப் போர்வை இருக்கிறது, கரூரின் மேசை விரிப்புகள் உலகமெல்லாம் போகின்றன. எங்கள் பாட்டி கல்யாணத்துக்கு வாங்கிய ஜமக்காளம் இன்னும் என் வீட்டு ஹாலில் கிடக்கிறது. மூன்று தலைமுறை உட்கார்ந்து எழுந்த விரிப்பு. அதற்குப் போட்ட சாயத்தை அத்தனை வருசத்துக்கும் வகுத்துப் பாருங்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஆனாலும் விசைத்தறியில் ஓட்டியதை அந்தப் பெயரில் விற்கிறார்கள். கைத்தறி முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஸ்டைல் வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை, கோராவை அப்படியே விடுங்கள். உண்மையான கோராத் துணியில் அங்கங்கே பஞ்சு விதையின் துணுக்கு புள்ளி புள்ளியாகத் தெரியும், ஒரு கெஜத்துக்கும் இன்னொரு கெஜத்துக்கும் நிறம் லேசாக மாறும். திரைச்சீலைக்கும் குஷன் உறைக்கும் அதைவிட அழகு எனக்குத் தெரியவில்லை. நிறம் வேண்டுமென்றால், துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டை நிறவாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, திரும்ப நூற்ற நூல் நம் ஓஇ நூற்பு மில்களில் கிடைக்கிறது. அந்தத் துணியின் நிறமே நூலின் நிறம், புதிதாகச் சாயம் கிடையாது. பலத்துக்குப் பாலியஸ்டர் கலப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நூலை உருவித் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி காகித வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

கடையில் துணிப்பை என்று கொடுக்கும் பையையும் இப்படிச் சோதியுங்கள். புள்ளி புள்ளியாக அழுத்திய 'நான்-ஓவன்' பை உருகும், அது பாலிப்ரோப்பிலீன், பிளாஸ்டிக்கேதான். நல்ல பருத்திப் பையிலும் எண்ணிக்கை முக்கியம். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் கணக்குப் போட்டது. எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகச் சாதாரணப் பருத்திப் பையை ஏழாயிரம் தடவைக்கு மேல் பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. பிளாஸ்டிக் ஓடையை அடைப்பதும் மாட்டு வயிற்றில் சேர்வதும் அந்தக் கணக்கில் சரியாக வராது, அதனால் நான் மஞ்சப்பை பக்கம்தான். ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் புதுப் பை வாங்கி அலமாரியில் அடுக்கினால் மஞ்சப்பையும் குப்பைதான்.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பொய்ப் பசுமைக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 'ஈகோ ஃப்ரெண்ட்லி', 'கிரீன்' என்று பொத்தாம்பொதுவாகப் போடக்கூடாது, சொன்னதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். கேட்டுத் தரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம்.

போன மாசம் ஆர்.எஸ்.புரத்தில் குழந்தைத் துணிக் கடை தொடங்கும் ஒரு பிள்ளை, நாலு சப்ளையர்களின் சாம்பிளோடு என்னிடம் வந்தாள். நாலிலும் சணல் கயிறு. "நாலு பேருக்கும் மெசேஜ் போடு அம்மிணி, லைசென்ஸ் எண்ணையும் எந்தப் பட்டறையில் சாயம் போட்டீர்கள் என்பதையும் மட்டும் கேளு" என்றேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் இன்னும் நாலு மாடலின் படம் அனுப்பினார். நாலாவது ஆள் அன்று சாயங்காலமே சான்றையும், பட்டறை இணைந்திருக்கும் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரையும் அனுப்பிவிட்டார். உருப்படிக்கு நாற்பது ரூபாய் கூட. அவள் அவரிடம்தான் ஆர்டர் போட்டாள்.