எப்போது வந்தது என்று புண் சொல்லாது

தேவகோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து முப்பது வயதையொட்டிய பெண் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார்; அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்திருந்த கணவர் சிங்கப்பூருக்குத் திரும்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. நாற்காலியில் முழுதாக உட்கார முடியாமல் விளிம்பில் ஒருக்களித்திருந்தார். நான்கு நாளாகக் காய்ச்சல். தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். வீட்டில் முதலில் உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார்கள், பிறகு அக்கி என்று முடிவுகட்டிக் காவி பூசியிருக்கிறார்கள். மருந்துக்கடையில் உள்ளதைச் சொல்லக் கூசி, அரிப்புக்கு என்று கேட்டு வாங்கிய களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது. பரிசோதித்தபோது, கொப்புளங்கள் உடைந்து குண்டூசித் தலை அளவில் கொத்துக்கொத்தாக ஆழமில்லாத புண்கள் தெரிந்தன.

இது உடலுறவால் தொற்றும் பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸ் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: "அவர் அங்க வேற யார்கூடயாவது இருந்திருக்காரா டாக்டர்? நீங்களே சொல்லிடுங்க."

இந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். செட்டிநாட்டில் ஆண்கள் கடல் கடந்து பொருள் தேடுவது பல தலைமுறைப் பழக்கம். பிரிந்து வாழும் தம்பதியரிடையே இப்படியொரு புண் தோன்றினால் அது உடனே சாட்சியாகிவிடுகிறது. ஊரில் இருக்கும் பெண்ணின் மீதே பழி விழுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த நோயின் இயல்பு தெரிந்த எவரும் அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற மாட்டார்கள்.

ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் தோல் வழியே நுழைந்து, முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்த் தங்கிவிடுகிறது. தொற்றியவர்களில் மிகப் பலருக்குக் கொப்புளமே வருவதில்லை, அல்லது வந்தும் வேர்க்குரு, சிராய்ப்பு என்று கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி எதுவும் தெரியாத நாட்களிலும் தோலின் வழியே வைரஸ் வெளிப்பட்டு மற்றவருக்குத் தொற்றும். ஆகவே திருமணத்துக்கு முன்பே தொற்றைப் பெற்ற ஒருவர், அதை அறியாமலே, பல ஆண்டுகள் கழித்துத் துணைக்குக் கொடுத்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு. இந்த வைரஸின் இரு வகைகளில், காய்ச்சலுக்குப் பின் உதட்டோரத்தில் வெடிக்கும் கொப்புளத்துக்குக் காரணமான முதல் வகை வைரஸ், வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்பிலும் இதே புண்ணை உண்டாக்கும். அந்த வைரஸ் பெரும்பாலும் சிறு வயதிலேயே முத்தத்தாலும் எச்சிலாலும் வந்து சேர்வது.

புண் புதிதாக இருக்கும்போது பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்துச் செய்யும் பி.சி.ஆர். சோதனையே நம்பத்தக்கது. இரத்தச் சோதனை தொற்று உண்டா என்று காட்டலாம். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று காட்டாது. ஊருணியில் குளித்ததாலோ பொதுக் கழிப்பறையாலோ இது வருவதில்லை. அக்கி வேறு வைரஸால் வருவது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் வேறொரு வைரஸ்தான் காரணம் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்லிவிடுவேன், ஏனென்றால் கேட்கத் துணியாத பயம் அது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்குக் கணித்தபடி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 84.6 கோடிப் பேருக்கு, இந்தத் தொற்று உள்ளது.

வைரஸை உடலிலிருந்து முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் அசைக்ளோவிர் 400 மி.கி. மாத்திரையை நாளுக்கு மூன்று வேளை, ஏழு முதல் பத்து நாட்கள், புண் தோன்றிய முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கிவிட்டால் வேதனை வெகுவாகக் குறையும். அரசு மருத்துவமனைகளின் பால்வினை நோய்ப் பிரிவில் இது இலவசம். எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளையும் கூடவே செய்துகொள்ள வேண்டும். இந்தப் புண் எச்.ஐ.வி. நுழைய எளிதாக வழி விடுகிறது. சிறுநீர் கழிக்கும்போது மேலே வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் எரிச்சல் தணியும். அறவே போகவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மீண்டும் வரும்போது புண் சிறிதாகவும் விரைவில் ஆறுவதாகவும் இருக்கும், முன்னதாக ஓர் ஊறலோ குத்தலோ எச்சரிக்கும். அந்நாட்களில் உறவைத் தவிர்க்க வேண்டும். ஆணுறை தொற்றைக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது.

அந்தப் பெண் மறு ஆண்டு கருவுற்றார். தொற்று ஏற்கெனவே உள்ள தாயின் உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருப்பதால் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் முதன்முறையாகத் தொற்றினால்தான் ஆபத்து பெரிது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும்போது இந்தச் செய்தி புகுந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது என்பதுதான் என் கவலை. பிரசவம் பார்ப்பவருக்கு அது தெரிந்திருந்தால் 36-ஆம் வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார், வலி எடுக்கும்போது புண் இருக்கிறதா என்று பார்ப்பார், இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தேர்வார். அந்தப் பெண்ணோ தாய்வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். மருத்துவருக்கு மட்டும் என்று ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டி, கர்ப்பகாலப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். பேறுகாலம் முடிந்து குழந்தையுடன் வந்தபோது அந்த உறை பிரிக்கப்பட்டிருந்தது.